வெப்பமானி முள் சொல்லும் சேதி

(சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் உழவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுகிற கூட்டத்தில் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இதுவும் விதைப்பைப் பற்றிய பேச்சுத்தான். நம்முடையது கரிசல் காடு. பெரும்பகுதி மானாவாரி. பருத்தியானாலும், மக்காச்சோளமானாலும், சோளமானாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விதைக்கிறோம். நல்ல மழை ஒன்று பெய்து, காலில் ஒட்டாத அளவுக்கு மண் பதமாகி, அந்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்தப் பதம் சில நாட்களுக்கு மேல் நிற்காது.

அந்த நாட்களில்தான் ஆட்களும் கிடைக்க மாட்டார்கள். இந்தப் பகுதியில் 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்தது. அதைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. வயலுக்கு வந்த கைகளில் பல ஆலைக்குப் போய்விட்டன. உழவு மாடுகளும் குறைந்துவிட்டன. ஆகவே விதைப்பு நாளில் நம் ஊரைக் காப்பாற்றுவது டிராக்டர் ஒன்றுதான். அது ஒரு வாரம் நின்றால், நிற்பது வண்டி மட்டுமல்ல. அந்த ஆண்டுப் பயிரே நின்றுவிடுகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் இளம் வயதில் எங்கள் தகப்பனார் ஒரு டிராக்டர் வாங்கினார். ஒரு கோடையில் வண்டி சூடேறியது. பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் ரேடியேட்டரில் அடைத்திருந்த சண்டு சருகையெல்லாம் கழுவிவிட்டார். அத்தோடு நிற்காமல், எஞ்சினின் மேல் ஹோஸைக் கழற்றி, உள்ளே இருந்த தெர்மோஸ்டாட்டை எடுத்து வெளியே போட்டார். "அண்ணாச்சி, இது குளிர் தேசத்துக்காரனுக்கு வச்சது. நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்றார். வண்டியும் அதன் பிறகு சூடேறவில்லை. சூட்டைத் தணித்தது ரேடியேட்டரைக் கழுவியதுதான். ஆனால் தெர்மோஸ்டாட்டை எடுத்ததால்தான் சரியாயிற்று என்று நாங்கள் நம்பினோம்.

அன்று முதல் வெப்பமானியின் முள் இடது ஓரத்திலேயே படுத்துக் கிடந்தது. வண்டி எவ்வளவு குளிர்ச்சியாக ஓடுகிறது பாருங்கள் என்று நான் பெருமை பேசினேன். இரண்டு ஆண்டு போயிற்று. ஓர் ஐப்பசியில் நல்ல மழை பெய்து, பதம் பார்த்து உழவுக்கு இறங்கினேன். உழுதுகொண்டிருக்கும்போதே ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டது. முள் சற்று மேலே போய்விட்டு மறுபடி இடது ஓரத்துக்கே வந்து கிடந்தது. எப்போதும் கிடக்கிற இடம்தானே என்று நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் ஒலி கரகரத்தது, இழுவை குறைந்தது, படக்கென்று நின்றுவிட்டது. பிஸ்டன் பிடித்துக்கொண்டது; சிலிண்டர் ஹெட்டும் வளைந்துவிட்டது.

ஒன்பது நாள் பட்டறையில் கிடந்தது. பத்தாம் நாள் வண்டி வந்து சேர்ந்தபோது காட்டில் ஈரம் இல்லை. பக்கத்துக் காடுகளில் பயிர் முளைத்து வரிசை தெரிந்தது. எங்கள் காடு அந்த ஆண்டு தரிசாகக் கிடந்தது. தகப்பனார் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் எனக்குப் பாரமாக இருக்கிறது.

தண்ணீர் போனது ஹோஸ் கிழிந்ததால். ஆனால் அது எனக்குத் தெரியாமல் போனது தெர்மோஸ்டாட் இல்லாததால். தெர்மோஸ்டாட் இருந்திருந்தால் முள் நாள்தோறும் நடுவில் நின்றிருக்கும். நடுவில் நிற்கும் முள் கீழே விழுந்தால் யாருக்கும் தெரியும். இன்று நான் சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து பிறந்ததுதான்.

எஞ்சினுக்குச் சூடும் வேண்டும்

சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. நாம் காசு கொடுத்து ஊற்றும் டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மீதியைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது.

ஆகவே எஞ்சின் எவ்வளவு குளிர்ந்திருந்தால் அவ்வளவு நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. மனித உடம்புக்கு 37 டிகிரி எப்படியோ, அப்படியே எஞ்சினில் ஓடும் தண்ணீருக்கு 80 முதல் 95 டிகிரி வரை இயல்பான சூடு. அதற்கு மேலே போனால் காய்ச்சல். கீழே கிடந்தால் சன்னி.

குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுவதும் எரிவதில்லை. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. எரிந்த புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி எஞ்சின் எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் குழைந்து சேறு போலாகிறது. பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் விரைவில் தேய்கின்றன. டீசல் கூடுதலாகச் செலவாகிறது. இவையெல்லாம் ஒரே நாளில் தெரிவதில்லை. ஆகவேதான் இதைப் பலர் நோய் என்றே எண்ணுவதில்லை.

தெர்மோஸ்டாட் செய்யும் வேலை

எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியில் உள்ள ஒரு கதவுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலான டிராக்டர்களில் மேல் ஹோஸ் வந்து சேரும் மூடிக்குள் இது இருக்கும். உள்ளங்கையில் அடங்கும் பொருள். இதன் அடியில் ஒரு சிறு பித்தளைக் குப்பி. அதற்குள் ஒருவகை மெழுகு. சூடானதும் மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கிறது. ஆறினால் மெழுகு சுருங்க, சுருள்வில் கதவை மூடிவிடுகிறது. மின்சாரமும் இல்லை, கம்பியும் இல்லை. 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் இந்த மெழுகு அமைப்பை உருவாக்கினார். இன்றும் டிராக்டரிலும் காரிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே.

காலையில் எஞ்சினைக் கிளப்பும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகும். குறித்த சூடு வந்ததும் கதவு திறக்கத் தொடங்கும். 10 முதல் 15 டிகிரி மேலும் ஏறினால் முழுவதும் திறந்துவிடும். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பது 74, 82, 88 என்பது போலத் தெர்மோஸ்டாட்டின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். நம் கிணற்று மோட்டாரிலிருந்து வரும் தண்ணீரை மடை திறந்தும் அடைத்தும் பாய்ச்சுகிறோம் அல்லவா? மடையே இல்லாத வாய்க்காலில் பயிருக்கு அளவாகத் தண்ணீர் விட முடியுமா? இதுவும் அப்படித்தான்.

கழற்றிப் போட்டால் என்ன?

"வெயில் ஊருக்கு இது வேண்டாம்" என்ற பேச்சை இன்னும் பட்டறைகளில் கேட்கிறோம். சித்திரை வெயில் நம் ஊரில் 40 டிகிரி இருக்கலாம். எஞ்சினுக்கு வேண்டியதோ 80-க்கு மேல். வெயில் அதில் பாதிதான். இலேசான வேலையிலும், தார்ச்சாலையில் டிரெய்லர் இழுத்துப் போகும்போதும், தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்ந்தே ஓடும்.

இன்னொரு தீமையும் உண்டு. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரட்டை வேலை செய்கிறது. ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, எஞ்சினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை அது அடைக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினில் அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் அதன் வழியே எஞ்சினுக்கே திரும்பிவிடும். கடின உழவில் வண்டி முன்னைவிட அதிகமாகச் சூடேறும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டிவிடும்.

மூன்றாவது தீமையைத்தான் என் கதையில் கேட்டீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் முள்ளுக்கு நிலையான இடம் கிடையாது. நிலையான இடம் இல்லாத முள் நமக்கு எதையும் சொல்லாது.

முள்ளைப் படிப்பது எப்படி?

வெப்பமானி எஞ்சினின் சூட்டை நேராக அளப்பதில்லை. தண்ணீரில் நனைந்திருக்கும் ஒரு சிறு முனை, தன்னைத் தொடும் தண்ணீரின் சூட்டைச் சொல்கிறது. பழைய டிராக்டர்கள் சிலவற்றில் அந்த முனையிலிருந்து மெல்லிய செப்புக்குழாய் ஒன்று மீட்டர் வரை வரும். மற்றவற்றில் முனையிலிருந்து ஒரு மின்கம்பி வரும். எதுவாயினும் முனையைத் தண்ணீர் தொட வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் முள் சொல்வது பொய்யாகிவிடும்.

உங்கள் வண்டி நல்ல நிலையில் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளப்பி எத்தனை நிமிடத்தில் அங்கே வருகிறது என்பதையும் கவனியுங்கள். அதன் பின் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. முள் மெல்ல ஏறி நடுப்பகுதியில் நின்று, கடின உழவில் சற்று ஏறி, ஓய்வில் பழைய இடத்துக்கு இறங்கினால் எல்லாம் நலம்.

2. அரை மணி நேரம் வேலை செய்தும் முள் குளிர்ந்த பகுதியை விட்டு எழாவிட்டால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும். அல்லது முன்பே யாரோ கழற்றியிருப்பார்கள். முனையின் கம்பி கழன்றிருந்தாலும் பெரும்பாலான மீட்டர்களில் முள் இப்படியே கிடக்கும்.

3. கிளப்பிய பத்து நிமிடத்துக்குள் முள் விடுவிடுவென்று சிவப்புக்கு ஓடி, ரேடியேட்டரும் மேல் ஹோஸும் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது என்று ஐயப்படலாம். தண்ணீர் பம்பு வேலை செய்யாவிட்டாலும், உள்ளே காற்று அடைத்திருந்தாலும் இதே குறி தோன்றும்.

4. முதல் ஒரு மணி நேரம் சரியாக இருந்து, பிறகு உழவில் மட்டும் சிறுகச் சிறுக ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்ல வேண்டாம். ரேடியேட்டர் கண்களில் சண்டும் தூசியும் அடைத்திருக்கலாம். விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். தண்ணீர் குறைந்திருக்கலாம். உள்ளே உப்புப் படிந்திருக்கலாம். கதிர் அடித்த மறுநாள் வரும் சூடு பெரும்பாலும் இந்த வகையே.

5. முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடினால் தண்ணீர் குறைவு, காற்றடைப்பு, சிக்கிச் சிக்கித் திறக்கும் தெர்மோஸ்டாட், தளர்ந்த கம்பி ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். தண்ணீர் ஊற்றும் வாயில் ஓயாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். இதை மெக்கானிக்கிடம் காட்டுவதே முறை.

6. எஞ்சின் ஆறியிருக்கும்போதே, சாவியைத் திருப்பியதும் முள் சிவப்பில் போய் நின்றால், பெரும்பாலும் கம்பி எங்கோ உடலில் தொடுகிறது, அல்லது முனை கெட்டிருக்கிறது. எஞ்சினுக்கு நோய் இல்லை, மீட்டருக்குத்தான் நோய்.

7. உயரத்தில் நின்ற முள் திடீரென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. தண்ணீர் முழுவதும் போய், முனை வெறும் காற்றில் நிற்கிறது என்று பொருள். அந்தக் கணமே எஞ்சினை நிறுத்துங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். இக்காலக் கார்கள் பலவற்றில் சூடு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்துவிடுகிறார்கள். சிலவற்றில் முள்ளே கிடையாது. நீல விளக்கும் சிவப்பு விளக்கும் மட்டுமே. அப்படிப்பட்ட வண்டியில் முள் நடுவை விட்டு நகர்ந்தாலே, அல்லது சிவப்பு விளக்கு எரிந்தாலே, நோய் முற்றிவிட்டது என்று கொள்ள வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டக் கூடாது.

முள் சிவப்பைத் தொட்டால்

கலப்பையைத் தூக்கிவிட்டு வண்டியை நிறுத்துங்கள். கதிரடிக்கும் எந்திரம் மாட்டியிருந்தால் அதன் ஓட்டத்தைத் துண்டியுங்கள். காரில் குளிர்சாதனத்தை அணையுங்கள். ஆவி வராமலும் தண்ணீர் ஒழுகாமலும் இருந்தால், எஞ்சினைச் சுமையில்லாமல் இரண்டு மூன்று நிமிடம் மெல்ல ஓடவிடுங்கள். முள் இறங்கத் தொடங்கினால் நல்லது. இறங்காவிட்டாலும், ஆவி பீறிட்டாலும் உடனே அணைத்துவிடுங்கள்.

ரேடியேட்டர் மூடியை மட்டும் தொடாதீர்கள். வீட்டில் குக்கர் வைத்திருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடியிருந்தால், உள்ளே உள்ள தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்த அந்த நொடியில் அது பொங்கி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்தால் கெட்டியாக இல்லாமல் தொய்வாக இருக்க வேண்டும். பிறகு தடித்த சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தை விலக்கி, முதல் திருப்பு மட்டும் திருப்பி ஆவியை விடுங்கள். சீறல் அடங்கிய பின்பே முழுவதும் திறக்க வேண்டும்.

கொதிக்கும் எஞ்சினுக்குள் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. மேலே வீசவும் கூடாது. சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு கீறல் விட்டுவிடும். ஆறிய பின், எஞ்சினை ஓடவிட்டு, சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். பட்டாசு ஏற்றிய வண்டி சூடேறினால், ஆலை வாசலிலோ, வீடுகளை ஒட்டியோ, காய்ந்த புல்லின் மேலோ நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சர் பட்டே புல் பற்றிக்கொள்ளும். இப்படிப்பட்ட சுமைக்குப் போகும் வண்டியின் குளிர்விக்கும் அமைப்பைச் சுமை ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதித்தல்

சோதனைக்குப் பட்டறை வேண்டியதில்லை. அடுப்பும் ஒரு பழைய பாத்திரமும் 100 டிகிரி வரை காட்டும் வெப்பமானியும் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

தெர்மோஸ்டாட்டின் கதவை இலேசாக நெம்பி, ஒரு நூலின் முனையை இடுக்கில் செருகி விடுங்கள். கதவு நூலைக் கவ்விக்கொள்ளும். நூலின் மறு முனையை ஒரு குச்சியில் கட்டி, தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அது பாத்திரத்தின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. வெப்பமானியையும் அப்படியே பிடியுங்கள். சிறு தீயில் சூடேற்றித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருங்கள். கதவு திறந்ததும் நூல் நழுவித் தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்நேரம் வெப்பமானி காட்டும் அளவு, அதில் பொறித்த எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிறகு தண்ணீர் கொதிக்கும் வரை விட்டால் கதவு நன்றாகத் திறந்திருக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்: பச்சைத் தண்ணீரில் திறந்திருந்தாலும் கெட்டது, கொதிக்கும் தண்ணீரில் திறக்காவிட்டாலும் கெட்டது. இதைப் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். புதிதாக வாங்கியதையும் இப்படிச் சோதித்த பிறகே பொருத்துங்கள்.

மாற்றும் முறை

1. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். விடியற்காலை இதற்கு நல்ல நேரம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள்.

2. ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்து, தெர்மோஸ்டாட் இருக்கும் மட்டத்துக்குக் கீழே வரும் வரை தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடியுங்கள். கூலண்ட் கலந்த தண்ணீர் இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. மாடு, ஆடு, நாய், குழந்தைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். வாய்க்காலில் ஊற்றாதீர்கள்.

3. மேல் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றுங்கள். மூடியின் இரண்டு மூன்று போல்டுகளைக் கழற்றி மூடியை எடுங்கள். பழைய தெர்மோஸ்டாட் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கவனித்த பிறகே அதை வெளியே எடுங்கள்.

4. துவாரத்தில் சுத்தமான துணியை அடைத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பழைய பாக்கிங்கைச் சுரண்டுங்கள். துணுக்கு உள்ளே விழுந்தால் தண்ணீர் வழியை அடைக்கும். வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறவாதீர்கள்.

5. புதியதில் பொறித்த எண், உங்கள் வண்டியின் கையேட்டில் கண்ட எண்ணாக இருக்க வேண்டும். வெயில் ஊர் என்று குறைந்த எண்ணாகப் பார்த்து வாங்க வேண்டாம்.

6. மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்க்கும்படி வையுங்கள். தலைகீழாகப் பொருத்தினால் சூடு குப்பிக்கு எட்டாது, கதவு திறக்காது. ஓரத்தில் சிறு துளையோ ஆடும் ஊசியோ இருந்தால் அது மேல் பக்கம் வர வேண்டும். உள்ளே அடைபடும் காற்று அதன் வழியே வெளியேறும்.

7. புதிய பாக்கிங் வைத்து, போல்டுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுவதும் முறுக்கினால் மூடி வளையும் அல்லது உடையும். ஹோஸில் வெடிப்பு இருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

8. தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். விரைந்து ஊற்றினால் காற்று உள்ளே தங்கிவிடும். மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினைக் கிளப்பி மெல்ல ஓடவிடுங்கள். குமிழிகள் வந்து தண்ணீர் மட்டம் இறங்கும், மேலும் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் மேல் ஹோஸ் திடீரென்று சூடேறும். தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. சுழலும் விசிறியிலிருந்து கையையும் துண்டையும் வேட்டியையும் விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். குமிழி நின்றதும் எஞ்சினை நிறுத்தி மூடியைப் போடுங்கள். மறுநாள் காலை, ஆறிய எஞ்சினில் மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

சில கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். காற்றை வெளியேற்றத் தனித் திருகும் இருக்கும். ஆகவே கார்க்காரர்கள் கையேட்டைப் பார்த்தோ, அனுபவமுள்ள மெக்கானிக்கை வைத்தோ இதைச் செய்வது நல்லது.

எந்தத் தண்ணீர்?

நம் பகுதிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பு. குடத்தின் உட்பக்கம் படியும் வெள்ளைப் படிவம் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அது போர்வை போல வெப்பத்தைத் தடுக்கிறது. தெர்மோஸ்டாட் கதவைச் சிக்க வைப்பதும் பல வேளைகளில் இந்த உப்பும் துருவும்தான். கூலண்டுடன் வாலை வடிநீரைக் கலந்து ஊற்றுவது சிறந்தது. அது கிடைக்காத அவசரத்துக்கு, துணியில் வடிகட்டிப் பிடித்து வைத்த மழைநீரைப் பயன்படுத்தலாம். பனி பெய்யாத ஊருக்குக் கூலண்ட் எதற்கு என்று கேட்காதீர்கள். உறைவதைத் தடுப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுப்பது நமக்கு வேண்டிய வேலை.

உழவர் பெருமக்களே,

ஒரு தெர்மோஸ்டாட்டின் விலை பெரும்பாலான டிராக்டர்களுக்குச் சில நூறு ரூபாய்தான். மாற்றுவதற்கு ஒரு காலைப் பொழுது போதும். ஹெட்டும் பிஸ்டனும் போனால் செலவு பல ஆயிரம். அதைவிட, போன ஈரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே ஆவணி மாதமே, மழைக்கு முன்பாக, ஒரு நாள் ஒதுக்குங்கள். ரேடியேட்டர் கண்களைக் கழுவுங்கள். பெல்ட்டையும் இரண்டு ஹோஸ்களையும் கையால் அழுத்திப் பாருங்கள். தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். முன்பு யாரேனும் எடுத்திருந்தால் புதியதைப் பொருத்துங்கள். ஓட்டுநருக்கு முள்ளின் இயல்பான இடத்தைக் காட்டிக் கொடுங்கள். முடிந்தால் மீட்டர் கண்ணாடியின் மேல் அந்த இடத்தில் ஒரு சிறு பொட்டு வைத்துவிடுங்கள்.

அப்படியும் விதைப்பு நாளில் வண்டி நின்றுவிட்டால், பழுது தீரட்டும் என்று காத்திருந்து ஈரத்தை இழக்காதீர்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை வாடகைக்கு விடுகிறது. அங்கும் பக்கத்து உழவர்களிடமும் உடனே கேளுங்கள். முதலில் விதை மண்ணுக்குள் போகட்டும். எஞ்சினைப் பிறகு பார்க்கலாம்.

நான் வண்டியில் ஏறும்போதெல்லாம், சாவியைத் திருப்பியதும் முதலில் அந்த முள்ளைத்தான் பார்க்கிறேன். அது எழுந்து நடுவில் வந்து நின்ற பிறகுதான் கலப்பையை இறக்குகிறேன். நீங்களும் அப்படியே செய்து, இந்த ஐப்பசியில் காலத்தோடு விதைத்து, நல்ல விளைச்சல் காண வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.